இருமலுக்கு ஒரு நொடி முன்னால்

மார்ச் 3, செவ்வாய்

ஆறு வருடமாக நான் டப்பிங் குரல் கொடுக்கும் வெளிநாட்டுத் தொடரின் நாயகிக்கு நுரையீரல் நோயாம். இனி காட்சிக்குக் காட்சி இருமுவாள். அவள் நடித்து முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். நம் மொழியில் இருமவேண்டியது நான்.

இன்று மூன்றாவது இருமலிலேயே சிறுநீர் கசிந்து நனைந்துவிட்டது. கொஞ்சம்தான். மைக் முன்னால் அசையாமல் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர், நாங்கள் வைத்த பெயர் மௌனசாமி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மானம் போய்க்கொண்டிருந்தது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

மார்ச் 6

தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்?

மார்ச் 11

தொண்டை கரகரவென்று ஆகிவிட்டது. "தண்ணி குடிங்க மேடம்" என்று மௌனசாமியே வாய் திறந்து சொன்னார். வேண்டாம் என்றேன். இருமலை மட்டும் வேறு யாரையாவது வைத்து எடுத்து ஒட்டச் சொன்னேன். ஒட்டினார்கள்.

மார்ச் 17

டைரக்டர் கூப்பிட்டார். "பேசறது ஒரு ஆள், இருமறது ஒரு ஆள்னு அப்பட்டமா தெரியுது. உங்க குரலும் வரவர மோசமாகுது. ஜூன்ல சாவுக் காட்சி. முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, வேற குரல் பாத்துக்கறேன்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கல்யாணத்தில் அழுதது நான். பிள்ளை பெற்றபோது கத்தியது நான். சாகும்போது மட்டும் இன்னொருத்தியா? விடமாட்டேன். ஆனா எப்படி?

மார்ச் 18

"ரெண்டு வாரமா நான் என்ன சொன்னாலும் சிரிக்கவே மாட்டேங்கறியே, கோவமா?" என்றார் வீட்டுக்காரர். சிரித்தால் ஆபத்து என்று இவருக்கு எப்படிச் சொல்ல? பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"எப்பலேருந்து?"

"சின்னவ பொறந்ததுலேருந்து."

"பன்னெண்டு வருஷமாவா?" என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் துலக்கினார். பிறகு, "டாக்டர்கிட்ட போலாம். அதுவரைக்கும் நான் வேணா மொக்கை போடாம இருக்கேன்" என்றார். பாவி மனுஷன். சிரித்துத் தொலைத்தேன். நனைந்தும் தொலைத்தது.

மார்ச் 25

பரிசோதித்துவிட்டுக் கிருமித் தொற்று இல்லை என்றார் டாக்டரம்மா. "பிள்ளை பெத்தவங்கள்ல நிறைய பேருக்கு இருக்கு, யாரும் வெளியில சொல்றதில்ல. சிறுநீர்ப் பையைக் கீழேருந்து தாங்கற தசை தளர்ந்திருக்கு. இருமும்போது வயித்துலேருந்து வர்ற அழுத்தத்தை அதால தடுக்க முடியல." தண்ணீரைக் குறைத்ததற்குத் திட்டு விழுந்தது. சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்துமாம். என் புத்திசாலித்தனத்தில் குரலும் கெட்டதுதான் மிச்சம்.

அங்கிருந்து பிசியோதெரபிஸ்ட். "காத்து பிரியறத அடக்கற மாதிரி உள்ளுக்கு இழுத்துப் பிடிங்க." நான் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கினேன். "இது போட்டோவுக்கு நிக்கற வயிறுங்க" என்றாள். மூச்சு சாதாரணமாக ஓட வேண்டுமாம். பிடித்து எட்டு எண்ணி, விட்டு எட்டு எண்ணி, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் ஆகுமாம்.

மூன்று மாதமா? அதற்குள் ஜூன் வந்துவிடுமே.

ஏப்ரல் 9

பஸ்ஸில் செய்தேன், வரிசையில் நின்று செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஏப்ரல் 20

தும்மினேன். போச்சு. இதெல்லாம் ஏமாத்து வேலையோ? என் இடத்துக்குக் குரல் தேர்வு வேறு நடந்திருக்கிறது. ஒரு பெண் வந்து இருமிக் காட்டினாளாம்.

"எப்படி இருமினா?" என்று மௌனசாமியைக் கேட்டேன்.

"இருமல் மாதிரிதான்."

இந்த மனிதரைக் கேட்டேனே, என்னைச் சொல்லணும். இரண்டு வேளை பயிற்சியை வேண்டுமென்றே விட்டேன். மூன்றாவது வேளை ரோஷம் வந்து செய்தேன்.

மே 8

பிசியோ இன்று ஒன்று சொன்னாள். "மத்தவங்களுக்கு இருமல் சொல்லிட்டு வராது. உங்களுக்கு எப்ப வரும்னு தெரியும்ல? ஒரு நொடி முன்னாடியே இறுக்கிடுங்க. இருமி முடியற வரைக்கும் விடாதீங்க."

உண்மைதான். இருமுவதற்கு முன் திரையில் அவள் நெஞ்சு உயரும். ஆறு வருடமாக உதட்டை மட்டுமே பார்த்துவந்திருக்கிறேன். வீட்டில் பழைய காட்சியைப் போட்டு இருமிக்கொண்டே இருந்தேன். "மருந்து வேணுமாம்மா?" என்று கேட்டாள் சின்னவள். வேலை செய்கிறேன் என்றேன்.

மே 22

ஐந்து இருமல். பேட் வைத்துக்கொண்டுதான் போனேன். காய்ந்தே இருந்தது. இனி ஒட்டவேண்டாம் என்று டைரக்டரிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தை நாள் முழுக்கக் குடைகிறது.

ஜூன் 12, வெள்ளி

சாவுக் காட்சி. எனக்கே கொடுத்தார்கள். "நடுவுல பாத்ரூம் போவேன் சார், ஏன்னு கேக்காதீங்க" என்று முன்கூட்டியே சொன்னேன். அவர் கேட்கவில்லை.

முதல் டேக்கில் அவள் உதட்டோடு என் குரல் சேரவில்லை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் துளி கசிந்தது, போய்விட்டு வந்தேன். நான்காவதில் ஒன்றும் இல்லை. "ஓகே, முடிச்சுக்கலாம்" என்றார் டைரக்டர். மௌனசாமி ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

போட்டுக் கேட்டேன். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள், நான் ஜாக்கிரதையாக இருமிக்கொண்டிருக்கிறேன். அந்த ஜாக்கிரதை மற்றவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது.

"இன்னொரு டேக் போலாம் சார்" என்றேன்.