அப்பாவின் மருந்து கசக்கிறது

என் செல்லக் கழுதைக்கு,

போனில் பேச்சை மாற்றினேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எழுந்து எழுந்து அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிறேன். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் எடுக்கும் அந்த இலைச்சாறு விரலில் பட்டால், எத்தனை சோப்புப் போட்டாலும் சாப்பாடு கசக்கும் என்று உனக்குத் தெரியும். பார்க்கின்சன் வந்தவர்கள் மூளையில் மிச்சமிருக்கும் செல்களையாவது அது காப்பாற்றுமா என்று பார்க்கும் சோதனையில்தான் அப்பா சேர்ந்திருக்கிறார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

அப்பா இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். "பாத்தியா, உன் இலை வேலை செய்யுது!" என்று என்னிடமே பெருமையடிக்கிறார்.

வாசலில் ஏதோ சத்தம், இரு. ஒன்றுமில்லை.

இன்று காலை கேப்சூல் அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அடுத்ததைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமென்று பிரித்தேன். விரலில் ஒட்டிய தூளை நக்கிவிட்டேன். ஆய்வகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கிழித்திருப்பேன். கசக்கவே இல்லை. நம்பாமல் மறுபடியும் நக்கினேன்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, ரொம்பக் கசக்குதா?"

"ஐயோ, வாயில வைக்க முடியல."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்ப தேன் கொஞ்சம் கூடவே ஊத்து" என்றார்.

நீ வரும்போது தேன் வாங்கி வா. பெரிய பாட்டிலாகவே வாங்கு.

அம்மா