ஆடாத பல்

மார்ச் 4

காலையில் மடற்குழுவைத் திறந்தால் நூற்றுக்கும் மேல் மடல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: "பழைய எழுப்பியை நீக்கலாமா?"

என் எழுப்பியைத்தான். கணினியை ஆன் செய்ததும் முதலில் தான் எழுந்து, பிறகு திரை, நெட்வொர்க், பிரிண்டர் என்று ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புகிற நிரல். ஊர் ஊராக இருக்கும் ஆயிரம் பேர் காசு வாங்காமல் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கும் இயங்குதளம் இது. அதில் இந்த ஒரு மூலையைப் பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைப்பவள் நான். நீக்கலாமாம். வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிடுவதும் நான்தான். அதற்கும் ஒரு வாக்கெடுப்பு வைத்துவிடலாம்.

மார்ச் 6

புதிய எழுப்பியோடு வந்திருப்பவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் புதுமாப்பிள்ளை. வந்த வேகத்தில் வீட்டை இடித்துக் கட்டச் சொல்கிறான். மடலை 'அக்கா' என்று தொடங்குவான். முடிப்பதற்குள் அக்காவின் நிரல் குப்பைக்குப் போயிருக்கும்.

இன்றைய வாதம்: புதுசு எல்லாரையும் ஒரே சமயத்தில் எழுப்புமாம், அதனால் வேகமாம். ஒரே சமயத்தில் எல்லாரையும் எழுப்பினால் குளியலறை வாசலில் என்ன நடக்கும் என்று பிள்ளைகுட்டிக்காரனுக்குத்தானே தெரியும்.

மார்ச் 7

வீட்டுக்காரர் பல் டாக்டர். சாப்பிடும்போது அவரிடம் புலம்பினேன். "நீங்களே சொல்லுங்க, ஆடாத பல்லை யாராவது பிடுங்குவாங்களா?"

"பிடுங்குவோமே. பின்னாடி வர்ற பல்லுக்கு இடம் வேணும்னா."

இவரிடம் போய் நியாயம் கேட்டேன் பார், என்னைச் சொல்லணும். ஆடாத பல் வரைக்கும் மட்டும் குழுவில் எழுதினேன். ஒரே பாராட்டு.

மார்ச் 11

ஒருவர் கணினி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறதாம். புதுப்பிக்கும்போது ஏதோ கேட்டதாம், என்ன என்று பார்க்காமல் 'ஆம்' அழுத்திவிட்டாராம். "கேள்வியை எழுதுவது வாசிக்கத் தெரிந்தவர்களுக்காக, அழுத்த மட்டும் தெரிந்தவர்களுக்காக அல்ல" என்று பதில் போட்டேன். கொஞ்சம் காரம்தான். இருக்கட்டும்.

மார்ச் 13

எனக்கு ஆதரவாளர்கள் பெருகிவிட்டார்கள். "உயிரைக் கொடுத்தாவது பழசைக் காப்போம்" என்கிறார்கள். உயிரெல்லாம் வேண்டாம், தேங்கிக் கிடக்கும் பிழைகளில் ஆளுக்கு ஒன்றைத் திருத்திக் கொடுங்கள் என்றேன்.

குழுவில் இப்படியொரு அமைதியை நான் கண்டதே இல்லை.

மார்ச் 16

நாளை மறுநாள் வாக்கெடுப்பு தொடங்குகிறது. தோற்றால் பதினோரு வருடமும் போச்சு. சொல்லிக்கொள்ள எனக்கு வேறு என்ன இருக்கிறது? பகலெல்லாம் ஆபீசில் ஒவ்வொருவராகப் பாஸ்வேர்டை மறப்பார்கள், நான் மாற்றிக் கொடுப்பேன். அதுவா நான்?

பேசியது போதும், சாட்சியே வைப்போம் என்று தோன்றியது. இன்று காலை என் கணினி எழுந்தபோது அது தானாக எழுதிய பதிவை முழுதாக எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். "என் சொந்தக் கணினி. ஒரு பிழை இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் எழுந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு?"

புதுமாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்?

மார்ச் 17

திறந்தான்.

"நன்றி அக்கா. முதல் வரியைப் பாருங்க. அது நம்ம புதுசு."

மார்ச் 17, மதியம்

பார்த்தேன். புதுசேதான். முதல் வரியிலேயே பெயரும் பதிப்பு எண்ணும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன. நான் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

எப்ப வந்துச்சு இது? — ஜனவரியில். வேண்டியவர்கள் புதுசை வைத்துப் பார்க்கட்டும் என்று அப்போதே விட்டிருந்தார்கள். கணினியைப் புதுப்பித்தபோது, "எழுப்பியை மாற்றட்டுமா?" என்று கேட்டிருக்கிறது. நான் பக்கத்து ஜன்னல்ல யாரையாவது திட்டி மடல் எழுதிக்கிட்டு இருந்திருப்பேன். ஆம்னு அழுத்திட்டேன். நான்! படிக்காம! ஊருக்குத்தான் உபதேசம்.

இத்தனை நாளாக அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு அதைத் திட்டியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை என்றால் எப்படி? கணினியை நிறுத்த, திரும்ப எழுப்ப என்று நான் அடித்தது எல்லாம் என் பழைய எழுப்பியின் கட்டளைகள்தானே. எல்லாம் வேலை செய்தனவே?

மார்ச் 18

ஏன் வேலை செய்தன என்று இன்று தேடினேன். பழைய கட்டளையை அடித்தாலும் புரிந்துகொண்டு செய்வதற்கென்றே புதுசில் ஒரு பகுதி இருக்கிறது. எழுதியவன் புதுமாப்பிள்ளை. மேலே ஒரு குறிப்பு: "பழகிய கைகளுக்குச் சிரமம் இருக்கக் கூடாது."

அழுகை வந்தது. கோபத்தில்தான்... இல்லை, அவமானம். என்னைக் கேலி செய்து நாலு வரி எழுதியிருந்தானென்றால் திருப்பி நாற்பது வரி எழுதியிருப்பேன். இப்படி மரியாதையாக இருந்து தொலைத்தால் ஒருத்தி என்னதான் செய்வது?

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "ரெண்டு மாசமா ஏதாவது வலி தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப நல்லாத்தான் எடுத்திருக்கான்."



மார்ச் 25

முடிந்தது. புதுசு ஜெயித்துவிட்டது. என் வாக்கு எந்தப் பக்கம் என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

செப்டம்பர் 9

கொஞ்ச நாளாகப் புதுசில் பிழை திருத்திக் கொடுக்கிறேன். சும்மா, பொழுது போகாமல்தான். பழைய கட்டளைகளுக்கான அந்தப் பகுதி இனி வீண் சுமை. இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் அடிக்கிறார்கள்? நீக்கிவிடலாம் என்று இன்று குழுவில் எழுதினேன்.

புதுமாப்பிள்ளைக்கு வந்ததே கோபம்! "நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு அக்கா? ஆடாத பல்லை யாராவது பிடுங்குவாங்களா?"

பின்னால் வரும் பல்லுக்கு இடம் வேண்டாமா தம்பி என்று பதில் அனுப்பிவிட்டு, கணினியை நிறுத்தினேன். கை பழைய கட்டளையைத்தான் அடித்தது.