எனக்கு முன்னே பறந்தவனுக்கு

என் ஜெறோம் மச்சான்,

நானும் பறந்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை, நீ போன அதே குட்டி விமானத்தில். முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லும்போதே வயிறு எரிகிறது. இதிலும் நான் இரண்டாவது ஆள்தானே.

நாட்டில் சண்டை முடிந்து, நம் கண்டக்குழிக் கரையில் விடுதிகள் முளைத்து, நாம் வலை காயப்போட்ட இடத்தில் வேலி வந்த காலம் நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரரைக் கடலோரக் களப்புத் தண்ணீரில் ஏற்றி, மலைநாட்டு நீர்த்தேக்கம் ஒன்றில் இறக்கி, பின்னேரம் திருப்பிக் கொண்டுவரும் விமானம் அது. தண்ணீரில் மிதக்கும் அதைக் கூடவே பறந்து போய் இறங்கும் இடத்தில் கயிறு பிடித்துக் கட்ட ஒரு படகுக்காரன் வேண்டியிருந்தது. வேலிக்கு உள்ளே கால் வைக்கக்கூடாத நமக்கு வானத்தில் உட்கார ஒரு கதிரை! மனேஜர் நம் இருவரையும் நிறுத்திவைத்துப் பார்த்தார். உன் பல் வெள்ளை என்று உன்னை எடுத்தார்.

"நீ சிரிக்க மாட்டாய்டா" என்று எனக்குச் சொன்னார். நான் எதற்குச் சிரிக்க வேண்டும்?

திரும்பி வந்து கரையில் நின்று நீ அளந்த கதை இருக்கிறதே! "மலைக்குக் கிட்டப் போனா காத்து தூக்கித் தூக்கி அடிக்கும் மச்சான். வெள்ளைக்காரி கத்துறாள். நான் கால் மேல கால் போட்டுக்கொண்டு இருந்தன்." ஊரே வாயைப் பிளந்து கேட்டது. அன்றிலிருந்து நீ 'பிளேன் ஜெறோம்'. நான் யார்? பிளேன் ஜெறோமின் வள்ளத்தில் கூடப் போகிறவன்.

மூன்று வாரம் கழித்து அந்தக் காலை வந்தது. கச்சான் காற்று முறுக்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் விரித்த வலையை எடுக்காவிட்டால் கிழிந்துவிடும். நீ என் வாசலில் வந்து நின்றாய். "தனியப் போகேலாது, வள்ளம் சரிஞ்சிடும். மறுபக்கம் குந்த வாடா."

பாயில் கிடந்தபடியே சொன்னேன்: "நீதான் பறக்கிற ஆளாச்சே. பறந்து போ."

நீ சிரித்தாய். போனாய்.

வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? "வானத்துக்குப் போய்வந்த கொழுப்பு. பயமில்லாதவன், தனியப் போயிட்டான்." நானும் தலையாட்டினேன். உன் அடக்கப் பூசையில் கோயில் கொள்ளாத சனம். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன். செத்தவன் மேலும் பொறாமைப்படலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உன் இடத்தில் கயிறு பிடிக்க, சிரிக்காத என்னையே கடைசியில் கூப்பிட்டார்கள். மலை தொடங்கியதும் விமானம் இடப்பக்கம் சரிந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு வலப்பக்கத்து வெறுங்கதிரைக்குப் பாய்ந்தேன். வலப்பக்கம் சரிந்தது, திரும்ப இடப்பக்கம் பாய்ந்தேன். வள்ளம் சரிந்தால் நம் உடம்பு தானாகச் செய்கிற வேலை அது.

விமானி திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார். "அடேய், இது வள்ளமில்ல! குந்தி வாரைப் போடு!"

நீர்த்தேக்கத்தில் இறங்கியபின் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்கட ஊர் ஆக்கள் எல்லாருக்கும் இந்த வியாதியா? முந்தி வந்த வெள்ளைப் பல்லனும் இதைத்தான் செய்தான். அன்னம்மா, அன்னம்மா எண்டு கத்திக்கொண்டு அங்கயும் இங்கயும் பாய்ஞ்சான்."

கயிறு என் கையில் இருந்தது. முதலில் சந்தோசம்தான் வந்தது, ஒளிக்கமாட்டேன். கால் மேல் கால் போட்டவன் பிடிபட்டான்! அடுத்தது எரிச்சல். பிழை விடுவதிலும் நீதான் முந்தி. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. தலவில கோயிலில் இருக்கும் புனித அன்னம்மாளை நாம் சும்மா கூப்பிடுவதில்லை. உயிர் போகும் என்று தெரிந்தால்தான் கூப்பிடுவோம். நீ பயந்தவன். என் வாசலில் நின்றபோதும் பயந்துதான் கூப்பிட்டாய். அன்று கடலில், ஒற்றை ஆளாக, எத்தனை தரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாய்ந்திருப்பாய்?

ஊரும் படிக்கட்டும் என்று இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்க முன்னர், இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாயில் கிடந்து சொன்ன அந்த வரியையும் விடவில்லை. மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"அன்னம்மாளையா கூப்பிட்டவன்?"

"ஓம் மாமி."

"பயமில்லாத பிள்ளை எண்டெல்லோ எல்லாரும் சொன்னவை. கொழுப்பெடுத்துப் போனவன் எண்டெல்லோ..."

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார். வழக்கமாக வரும் தேத்தண்ணி அன்று வரவில்லை. நானும் கேட்கவில்லை. இனி எப்போதாவது வருமா?

மச்சான், இனி உன்னைக் கொழுப்பெடுத்தவன் என்று எவனும் சொல்ல விடமாட்டேன். நம் கரையில் யார் என் வாசலில் வந்து "மறுபக்கம் குந்த வா" என்றாலும், எனக்குப் பிடிக்காதவனே வந்தாலும், பாயில் கிடந்து பதில் சொல்லமாட்டேன். எழும்பிப் போவேன்.

பொறாமை இன்னும் தீராத உன் மச்சான்,
அன்ரன்