பலகையில் ஹில்டூர் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு ரக்னில்டின் வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த ஸ்டாக்ஹோம்காரர்களுக்கு நாக்கே கிடையாது. எங்கள் உணவக முதலாளி ஃபோல்கே, இறைச்சி உருண்டைமேல் பாக்கெட் குழம்புப் பொடியைக் கரைத்து ஊற்றுவான். நம் வீட்டுப் பன்றிகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். இவர்கள் தட்டை வழிக்கிறார்கள். போன வாரம் அதற்கு, "ஹில்டூர் அம்மா கைப்பக்குவம்" என்று, நான் பேச்சுவாக்கில் சொன்ன உன் பெயரையே வாசல் பலகையில் எழுதிவிட்டான்.

"அழிங்க," என்றேன்.

"உங்கம்மா என்ன பெரிய மகாராணியா?" என்று இளித்தான்.

எல்லார் முன்னாலும் ஈரத்துணியால் நானே அழித்தேன். வேலை போய்விட்டது. கவலைப்படாதே, திங்கள்கிழமை ஒரு பள்ளிச் சமையலறையில் சேர்கிறேன்.

நம் காட்டு லிங்கன்பெரிப் பழ ஜாம் ஒரு புட்டி அனுப்பு. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கு உப்பு எவ்வளவு என்றும் எழுது. எனக்குத் தெரியும்தான், ஆனாலும் உன் கையெழுத்தில் வேண்டும்.

தபால் கட்டுகிற நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் ரக்னில்ட்