ஒன்பது ஆடுகளின் வருகைப் பதிவு

விழுப்புரம்,
8 அக்டோபர் 2024

அன்பு அக்கா ஜெசிந்தாவுக்கு,

உன் ஒரே தங்கையும் விடுதியின் ஏழாம் அறைக்கு ஒரே தலைவலியுமான இசைவாணி எழுதுவது. வந்து இறங்கியதும் வார்டன் போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார். ஆகவே கடிதம். இதைப் பாவசங்கீர்த்தனம் என்று வைத்துக்கொள், சர்ச் சாமியாரிடம் மட்டும் காட்டாதே.

லீவில் பார்த்ததை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் திங்கட்கிழமை அம்மாவோடு சேர்த்து இருபத்து மூன்று பேர் ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு மண் சுமந்தார்கள். பொறுப்பாளர் என்று உன் கையில் ஒரு போன். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ, வருகையைப் பதிகிற அந்த ஆப்பில் ஏற்ற வேண்டும். மத்தியானம் டவர் இல்லை, போட்டோ ஏறவில்லை. உடனே அன்றைக்கு யாருமே வேலை செய்யவில்லை என்று ஆகிவிட்டது! அம்மாவுக்கு முதுகு வலி வந்தது, கூலி வரவில்லை.

அதற்குத்தான் வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வேலை செய்தேன். அம்சவள்ளி சித்தியின் காலில் மண்வெட்டி பட்டதும் நீ, "எல்லாரையும் நிக்க வெச்சி ஒரு போட்டோ எடுடி" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாய். நான் ஆள்களை எடுக்கவில்லை. பூமாலை அண்ணனின் ஒன்பது ஆடுகளை எடுத்தேன். எட்டு நேராக நின்றன, ஒன்று பின்புறத்தைக் காட்டியது. மேட்டில் ஏறி அனுப்பினேன். பச்சை டிக்! இருபத்து மூன்று பேருக்கும் அன்றைய வருகை விழுந்தது. ஆளைப் பார்த்தால் சுற்றுகிற ஆப், ஆட்டைப் பார்த்ததும் தலையாட்டுகிறது. அந்தப் படத்தை எவன் திறந்து பார்க்கிறான்? அப்புறம் எதற்கு அம்மாக்களை வெயிலில் நிறுத்துகிறார்கள்?

அந்தப் படத்தை என் போனுக்கும் அனுப்பிக்கொண்டேன். வரும் வழியில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆதாரம்!

வால் முளைத்த தங்கை,
இசைவாணி


கொல்லமேடு, திண்டிவனம் வட்டம்,
13 அக்டோபர் 2024

அடிப்பாவி இசை,

முதலில் சிரித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. யாராவது அந்தப் படத்தைத் திறந்தால் போவது என் வேலை. உனக்கு விளையாட்டு. எனக்கு உன் விடுதிச் செலவும் அம்மாவின் மாத்திரையும்.

திங்கட்கிழமை கூலிக்காக மூன்று தடவை ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் வந்தேன். "போட்டோ இல்லன்னா வேலை இல்லம்மா. சிஸ்டம்ல இல்லாதத நான் எங்கேர்ந்து குடுக்கறது?" என்றார் அந்த சார்.

"தோண்டுன பள்ளம் இருக்குது சார், வந்து பாருங்க."

"பள்ளத்த எப்படிம்மா அப்லோடு பண்றது?"

உனக்கு வருகிற கோபம் எனக்கும் வருகிறது. நான் அதை வெளியே விட முடியாது, அவ்வளவுதான். அம்மா இந்த வாரம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகிறாள். உன்னை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னாள். அந்தப் படத்தைக் கிழித்துப் போடு.

மாதா உனக்குக் கொஞ்சம் புத்தி தரட்டும்.
ஜெசிந்தா


விழுப்புரம்,
22 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கோபப்படாமல் படி.

நேற்று வார்டனிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். பொய்ப் பல்வலிதான், ஆனால் அங்கே நின்ற வரிசையில் கால்வலி நிஜமாகவே வந்தது. என் மனுவில் இப்படி எழுதியிருந்தேன்:

"ஐயா, அக்டோபர் மூன்றாம் தேதி எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒன்பது ஆடுகள் வேலைக்கு வந்ததை அரசு ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் முப்பதாம் தேதி இருபத்து மூன்று பெண்கள் வந்ததை ஏற்கவில்லை. அந்த நாள் கூலியைத் தர வேண்டும். முடியாதென்றால் இனி எங்கள் அம்மாக்களையும் ஆடுகளாகக் கருத வேண்டும்."

படத்தையும் பின் அடித்துக் கொடுத்தேன். வாங்கியவர் படித்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டினார். மனு எண் போட்டுச் சீட்டும் தந்தார்கள். பார்த்துக்கொண்டே இரு, தீபாவளிக்குள் கூலி வரும்!

மனுநீதிச் சோழி,
இசைவாணி


கொல்லமேடு,
6 நவம்பர் 2024

இசைவாணிக்கு,

திங்கட்கிழமை ஜீப் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். பள்ளத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உன் மனுவில் முதல் வரியை மட்டும் படித்திருக்கிறார்கள். போலிப் போட்டோ ஏற்றினேன் என்று என்னைப் பொறுப்பாளர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை வருகையும் ரத்து. ஒரு நாள் கூலியைக் கேட்டாய், இரண்டு நாள் போய்விட்டது. மண் சுமந்தவர்களில் ஒருத்திக்கும் அந்தப் படத்தைப் பற்றித் தெரியாது.

எடுத்தது நீ என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் ஜீப்பில் வந்தவர்கள் உன் மனுவை வாசித்ததில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கோவிந்தம்மாள் அத்தை வாசலில் வந்து நின்று, "ஒன் தங்கச்சி பகடி பண்ணிக்கினு அங்க பூட்டா. அடி எங்க வயித்துல இல்ல வுழுந்திருக்குது" என்றாள்.

அம்மா உன் பெயரையே எடுப்பதில்லை. கொஞ்ச நாள் எழுதாதே.

ஜெசிந்தா


விழுப்புரம்,
12 நவம்பர் 2024

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

நேற்று மறுபடி போனேன். வார்டனிடம் உண்மையைச் சொல்லியே போனேன். படம் எடுத்தது நான், அக்காவுக்குத் தெரியாது என்று பெயர், வகுப்பு, விடுதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"அக்காவக் காப்பாத்த வந்துட்டியா?" என்றார் போன தடவை சிரித்தவர்.

"இல்ல சார். தப்பு என்னுது, என்ன கேளுங்க. மண்ணு தூக்கனவங்க கூலியில ஏன் கை வெக்கறீங்க?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாக எழுதி, நேரில் வந்து கொடுத்தால்தான் எடுப்பார்களாம். அப்படித்தான் விதியாம். எப்போதும் விதி அவர்களுடையது, வெயில் நம்முடையது.

ஆகவே இருபத்து மூன்று மனு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு நாள் கூலியையும் கேட்டிருக்கிறேன். ஒன்றில்கூட விளையாட்டு இல்லை. இருபத்து நான்காவது உன் வேலையைத் திருப்பிக் கேட்டு உனக்கு.

கோவிந்தம்மாள் அத்தை சொன்னது சரி. மன்னித்துவிடு என்று அவளிடம் நேரில் கேட்பேன். உன்னிடமும்.

இசை


கொல்லமேடு,
20 நவம்பர் 2024

இசை,

மனுக்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கோவிந்தம்மாள் அத்தை தொடவில்லை. இன்னும் நான்கு பேர், இருக்கிற வேலையும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பதினெட்டுப் பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் விழுப்புரம் வருகிறோம். பஸ் ஸ்டாண்டில் வந்து நில்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. என் மனுவில் மூன்று இடத்தில் எழுத்துப் பிழை, திருத்தி வைத்திருக்கிறேன்.

அம்மா இத்தனை நாள் உன் பெயரை எடுக்காதவள், நேற்று நல்ல புடவையை எடுத்து மடித்து வைத்தாள். "நீ எதுக்கும்மா வர்ற? மனு குடுக்கவா, அவள அடிக்கவா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான்" என்றாள்.

ஜெசிந்தா