சக்களத்தியை விற்கிறோம்

பிப்ரவரி 4

கண் டாக்டர் இன்று மென்று விழுங்காமல் சொல்லிவிட்டார். "இனி வண்டி ஓட்டக் கூடாது சார். நடுப்பார்வை போயிடுச்சு. எதிர்ல ஆள் வந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது." இவர் சமர்த்தாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "அந்த டாக்டர் பையனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். சக்களத்தியை விற்கிறோம். இவருடைய நீல நிற இத்தாலிக் காருக்கு நான் வைத்த பெயர் அது. இரண்டே பேர் உட்காரலாம். இந்த நாட்டிலேயே மூன்றோ நான்கோதான் இருக்கிறதாம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்தவள் — முறைப்படி பார்த்தால் நான்தான் சக்களத்தி.

தரகர் வேண்டாமாம், நேரடியாகத்தான் விற்பாராம். விளம்பரத்தை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "போடு: ஒரே கை ஓட்டியது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது."

பிப்ரவரி 15

யாரும் கூப்பிடவில்லை. இவர் முகத்தில் என்ன நிம்மதி!

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரு பல் மருத்துவர் வந்தார். வந்தவர் நேரே பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கே? ஆறின எஞ்சினை நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னு போன்லயே சொன்னேனே!" பழைய வண்டியின் கோளாறு எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் காட்டிக்கொடுக்குமாம். முன்கூட்டியே சூடேற்றி மறைப்பார்களாம்.

"காலைல சும்மா கொஞ்சம் ஓட விட்டேன். வந்தவங்க முன்னாடி அவ இருமிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல" என்றார் இவர். மருத்துவர் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபம்! வேண்டுமென்றே கெடுக்கிறாரா? விடியற்காலையில் எஞ்சின் சத்தம் எனக்கும் கேட்டது. புரண்டு படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19

மகளுக்குப் போன் செய்தேன். "சாவியை ஒளிச்சு வைம்மா" என்றாள். மாவு டப்பாவுக்குள் போட்டேன். சாயங்காலம் இவர் சட்டையெல்லாம் மாவு. நான் என்னதான் செய்யட்டும்? கையிலிருந்து பிடுங்க இவர் என்ன சின்னப் பிள்ளையா?

பிப்ரவரி 25, ஞாயிறு

கராஜையே பூட்டி, அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். இன்று வந்தவள் ஒரு பெண் விமானி. பானெட் சில்லென்று இருந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. இவருக்கு ஒரே பெருமை.

அவள் வண்டியை வெளிச்சத்துக்கு எடுத்தாள். கராஜில் அதன் இடப்பக்கம் எப்போதும் சுவரை ஒட்டியே நிற்கும். நான்கூடப் பார்த்ததில்லை.

"சார், கீறல் இல்லன்னு போட்டிருந்தீங்களே?"

"இல்லையே. எங்க?"

கதவு நீளத்துக்கு இருந்தது கீறல். மஞ்சள் பெயிண்ட் வேறு அப்பியிருந்தது. இவர் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடிக்கொண்டே இருந்தார். அவள் இவர் கையைப் பிடித்து அங்கே வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட விட்டாராம்! கராஜுக்குள் இல்லை, தெருவில். தெருமுனைப் பள்ளிக்கூடத்து வாசல் கம்பங்கள் மஞ்சள். ஐயோ, நான் புரண்டு படுத்தேனே.

"ஏதோ கல்லு தட்டுச்சுன்னு நினைச்சேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு வண்டியிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் நீட்டிய பக்கம் அவள் நிற்கவே இல்லை. சத்தமில்லாமல் நகர்ந்து வந்து, அவர் கைக்கு அடியில் உள்ளங்கையை வைத்தாள்.

பிப்ரவரி 26

வண்டி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியலில்தானே இடித்திருப்பார், பள்ளிக்கூடம் கிடையாதே — இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது ஞாயிறுதானா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 6

"வா, பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்றார்.

கம்பம் லேசாகச் சாய்ந்திருந்தது. எங்கள் நீலம் அதில் ஒட்டியிருந்தது. அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"நிறைய பேரா?"

"நிறைய பேர்."

"சின்னப் பசங்களா?"

"ஆமாங்க."

கடைசிப் பிள்ளை போகும்வரை கம்பத்தை அவர் விடவில்லை. திரும்பும்போது, நான் சொல்லாமலே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.