விட்டிருக்க வேண்டிய பந்து

டோகா, கத்தார்

அன்புள்ள அன்ரோனெற்,

நீரும் மகள் சுவேதினியும் மாதாவின் துணையால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நானும் சுகம்.

நேற்றுக் கம்பனியின் உதைபந்தாட்ட அணி வென்றிராவிட்டால் அதைக் கலைத்து, பயிற்றுவிப்பாளரான என்னை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு பின்கள வீரனுக்குக் கால் பிசகியதால் என்னையே இறக்கினார்கள். இந்த வயதில்! சிரிக்காதேயும். கடைசி நேரத்தில் கோலுக்குள் போகவிருந்த பந்தை விட்டிருக்கலாம். விளையாடிய காலத்துப் பழக்கம், பாய்ந்து தடுத்துவிட்டேன். வென்றோம்.

"கோச், இனி உங்களை விடமாட்டினம்!" என்று அணியில் விளையாடும் எங்கள் சிலாவத்துறைப் பொடியன் நியாஸ் கட்டிப்பிடித்தான். அது உண்மைதான். அணி இருக்கும்வரை நானும் இருக்க வேண்டுமென்று ஒப்பந்தத்தில் முன்பே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

முழங்காலுக்குப் பூச எண்ணெய் அனுப்பும். கோயிலில் மகள் முதல்நன்மை வாங்கும் நாளில், அந்தச் சட்டையோடு அவளைப் படமெடுத்தும் அனுப்பும். அந்த நாளுக்கு அப்பா வரமாட்டார் என்று அவளுக்கு நீர்தான் சொல்ல வேண்டும். வென்றதை மட்டும் சொல்லாதேயும்.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

உமது,
யாகப்பர்